85 பரிசோதனைகளில் உங்கள் வீட்டுக்கு வேண்டியவை எவை?

"தனியார் ஆய்வகம் ஒன்று 85 பரிசோதனைகள் அடங்கிய முழு உடல் தொகுப்பை 1,999 ரூபாய்க்குத் தருகிறது. எனக்கு 44 வயது, நாள் முழுவதும் கணினி முன் உட்கார்ந்து வேலை, உடற்பயிற்சி கிடையாது. மனைவிக்கு 38 வயது, அடிக்கடி சோர்வாக இருக்கிறது என்கிறாள். அப்பாவுக்கு 70, பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். அம்மாவுக்கு 65, இதுவரை எந்த நோயும் கண்டறியப்படவில்லை. நால்வருக்கும் எட்டாயிரம் ரூபாய் செலவழிப்பது சரிதானா, குறைந்த செலவில் முடிக்க வழி உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இருபத்தாறு ஆண்டுகளாக மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தம் எடுத்தும், கருவிகளைச் சரிபார்த்தும், முடிவுகளில் கையெழுத்திட்டும் வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எந்த மருந்தைத் தொடங்குவது, எதை நிறுத்துவது என்பதை மட்டும் உங்கள் மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

முதலில் அந்த 85 என்ற எண்ணைப் பார்ப்போம். சி.பி.சி. என்று நாம் சொல்லும் ரத்த அணுக்கள் பரிசோதனை ஒரே குழாய் ரத்தத்தை ஒரே கருவியில் ஒருமுறை செலுத்திப் பெறுவது. ஆனால் அதிலிருந்து வரும் இருபதுக்கும் மேற்பட்ட அளவுகள் ஒவ்வொன்றும் தனிப் பரிசோதனையாக எண்ணப்பட்டிருக்கும். சிறுநீரின் நிறம், தெளிவு, அடர்த்தி ஆகியவையும் அப்படியே. கொழுப்புப் பரிசோதனையில் அளக்கப்படுபவை பெரும்பாலும் மூன்று. மற்றவை அந்த மூன்றைக் கூட்டியும் கழித்தும் வகுத்தும் பெறப்படும் கணக்குகள். இப்படிச் சுருக்கினால் 85 என்பது பத்துப் பன்னிரண்டு பரிசோதனைகளாகக் குறைந்துவிடும். அவற்றில் உங்கள் குடும்பத்துக்குப் பயன்படுபவை ஏழெட்டு; அப்பாவுக்கு அவசியமான ஒன்று அந்தத் தொகுப்பில் பெரும்பாலும் இருக்காது.

வேண்டாத பரிசோதனையால் என்ன கெடுதல், கூடுதலாகத் தெரிந்துகொள்வது நல்லதுதானே என்று தோன்றலாம். ஆய்வகங்கள் அச்சிடும் 'இயல்பு அளவு' என்பது ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதத்தினரின் அளவு அடங்கும் எல்லை. அப்படியானால் எந்த நோயும் இல்லாத நூறு பேரில் ஐந்து பேர் ஒவ்வொரு பரிசோதனையிலும் அந்த எல்லைக்கு வெளியே விழுவார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளை ஒருவருக்குச் செய்தால், ஏதாவது ஒன்றாவது தடித்த எழுத்தில் வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 64 சதவீதம். அந்தத் தடித்த எழுத்தைக் கண்டு தூக்கம் கெட்டு, ஸ்கேன் எடுத்து, இரண்டு நிபுணர்களைப் பார்த்து, கடைசியில் "ஒன்றுமில்லை" என்று கேட்டு வீடு திரும்பியவர்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். 1,999 ரூபாய் மலிவான விலைதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்; செலவு ரத்தம் எடுக்கும் நாளில் அல்ல, ரிப்போர்ட் வந்த மறுநாளில்தான் தொடங்குகிறது.

பொதுவான உடல் பரிசோதனைகள் ஆயுளைக் கூட்டுகின்றனவா என்பதைக் காக்ரேன் அமைப்பு பல ஆய்வுகளைத் திரட்டிப் பரிசீலித்து, 2012-இலும் பின்னர் 2019-இலும் முடிவுகளை வெளியிட்டது. அறிகுறி எதுவும் இல்லாதவர்களை மொத்தமாகப் பரிசோதிப்பதால் இறப்பு குறையவில்லை என்பதே அதன் முடிவு. அந்த ஆய்வுகள் மேலை நாடுகளில் நடந்தவை. அங்கே பலரும் தத்தம் குடும்ப மருத்துவரை ஏற்கெனவே அவ்வப்போது பார்த்து வந்தவர்கள். நம் நாட்டின் நிலைமை வேறு. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 'இண்டியாப்' என்ற நாடு தழுவிய ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோயும் 13.6 கோடிப் பேருக்கு அதன் முந்தைய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. இத்தனை பேருக்கு நோய் இருந்து, அவர்களில் பலர் அதை அறியாமலேயே வாழும் இடத்தில், குறிவைத்துச் செய்யும் சில பரிசோதனைகளுக்கு நிச்சயம் பயன் உண்டு என்பது என் உறுதியான கருத்து.

ஊசி குத்துவதற்கு முன் தையற்காரரின் அளவு நாடாவை எடுங்கள். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் 2005-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாயக் கணக்கு நான்கே கேள்விகளைக் கொண்டது. வயது 35 முதல் 49 வரை என்றால் 20 மதிப்பெண், 50-ஐத் தொட்டால் 30. பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20. உடற்பயிற்சியும் இல்லை, வேலையும் உட்கார்ந்த வேலை என்றால் 30. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தொட்டால் 10, அதற்கு மேலும் பத்து செ.மீ. கூடினால் 20. மொத்தம் 60 வந்தால் அபாயம் அதிகம். நீங்கள் எழுதியதை வைத்து நான் கூட்டிப் பார்த்தேன்: வயதுக்கு 20, தந்தைக்கு 10, உட்கார்ந்த வேலைக்கு 30. இடுப்பை அளப்பதற்கு முன்பே உங்கள் கணக்கு 60. ஆகவே நால்வரில் சர்க்கரைப் பரிசோதனையைத் தள்ளிப் போடவே கூடாதவர் நீங்கள்தான்.

சர்க்கரைக்கு வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் ஒன்று என இரண்டு மாதிரிகள் கொடுங்கள். வெறும் வயிற்றில் 100-க்குக் கீழ் இருந்தால் இயல்பு. 100 முதல் 125 வரை முந்தைய நிலை. 126-ஐத் தொட்டால் சர்க்கரை நோய், ஆனால் அறிகுறி இல்லாதவருக்கு இன்னொரு முறை உறுதி செய்த பிறகே அந்தப் பெயரைச் சூட்ட வேண்டும். வெறும் வயிற்றில் சரியாக இருந்து, சாப்பிட்ட பின் மட்டும் ஏறுபவர்கள் நம்மிடையே பலர் என்பதால் இரண்டாவது மாதிரியை விட்டுவிடாதீர்கள். இரண்டு மணி நேரம் என்பது முதல் வாய் உணவிலிருந்து எண்ண வேண்டியது; கை கழுவியதிலிருந்து அல்ல. பரிசோதனைக்காகவே அன்று இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்பவர்களும் உண்டு. வழக்கமாக உண்பதை உண்டால்தான் வழக்கமான அளவு தெரியும்.

இங்கே ஒரு சிறு விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரத்தம் குழாய்க்குள் வந்த பிறகும் அதிலுள்ள அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அவை சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கின்றன. சாதாரணக் குழாயில் பிரிக்காமல் வைத்த ரத்தத்தில் சர்க்கரை மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். வீட்டுக்கு வந்து காலை ஆறரைக்கு ரத்தம் எடுத்தவர் மேலும் ஆறு வீடுகளுக்குப் போய்விட்டு, வண்டிப் பெட்டியில் மாதிரியை வைத்தபடி பத்து மணிக்கு லேபுக்கு வந்தால், உண்மையில் 128 இருந்த அளவு 106 என்று வரக்கூடும். நோயாளி ஒருவர் அந்த மூன்றரை மணி நேரத்தில் நோயற்றவராகிவிடுகிறார். இதைத் தடுக்கவே ஃப்ளூரைடு கலந்த, சாம்பல் நிற மூடியிட்ட குழாய் இருக்கிறது. அதுவும் அணுக்களை உடனே நிறுத்திவிடுவதில்லை, ஆனால் இழப்பை வெகுவாகக் குறைக்கும். சர்க்கரைக்கான ரத்தம் சாம்பல் மூடிக் குழாயில் போகிறதா என்று பாருங்கள். போகவில்லையென்றால் தயங்காமல் கேளுங்கள். முடிந்தால் லேபுக்கே நேரில் போய்க் கொடுப்பது இன்னும் நல்லது.

சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி என்று அறியப்படும் ஹெச்பிஏ1சி பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை என்பது பெரிய வசதி. 5.7-க்குக் கீழ் இயல்பு, 6.5-ஐத் தொட்டால் நோய். ஆனால் சிவப்பணுவின் ஆயுளைச் சார்ந்த அளவு இது என்பதால், ரத்தசோகை உள்ளவரிடம் தவறான முடிவைத் தரக்கூடும். சில ஆண்டுகளுக்கு முன், முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் வேறு ஓரிடத்தில் எடுத்த முழு உடல் தொகுப்பின் ரிப்போர்ட்டோடு அழுதுகொண்டே எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார். ஹெச்பிஏ1சி 6.7 என்று இருந்தது. சர்க்கரை நோய் வந்துவிட்டது என்று வீட்டில் முடிவே கட்டிவிட்டார்கள். அதே ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் ஹீமோகுளோபின் 8.4 என்று இருந்ததை யாரும் பார்க்கவில்லை. வெறும் வயிற்றில் எடுத்துப் பார்த்தபோது சர்க்கரை 94. இரும்புச்சத்துக் குறைபாட்டில் ஹெச்பிஏ1சி பொய்யாக உயரும். மருத்துவர் தந்த இரும்புச்சத்து மாத்திரைகளை நான்கு மாதம் சாப்பிட்டபின் அது 5.6-க்கு இறங்கியது. 85 முடிவுகள் கையில் இருந்தும், அவற்றில் இரண்டைச் சேர்த்துப் படிக்க ஆளில்லாமல் போனதுதான் அந்தப் பெண் பட்ட துன்பம்.

அதனால் உங்கள் மனைவிக்கு முதலில் செய்ய வேண்டியது சி.பி.சி. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில், 15 முதல் 49 வயது வரையுள்ள தமிழகப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. பெண்களுக்கு 12-க்குக் கீழும் ஆண்களுக்கு 13-க்குக் கீழும் ஹீமோகுளோபின் இருந்தால் ரத்தசோகை. அந்த ரிப்போர்ட்டில் எம்.சி.வி. என்ற அளவையும் பாருங்கள். அது சிவப்பணுவின் பருமன். எம்.சி.வி. மிகக் குறைவாக இருந்தும் சிவப்பணுக்களின் எண்ணிக்கை அதிகமாக இருந்தால், அது இரும்புக் குறைவாக இல்லாமல், பரம்பரையாக வரும் தலசீமியாக் கூறாக இருக்கலாம். அப்போது இரும்பு மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்குவதில் பயனில்லை. அவருக்குச் சோர்வு என்ற அறிகுறி இருப்பதால் தைராய்டுக்கு டி.எஸ்.ஹெச். மட்டும் பார்க்கலாம், டி3, டி4 இரண்டும் முதலிலேயே தேவையில்லை. முடி வளர்ச்சிக்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் இரண்டு நாள் நிறுத்திவிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் அது சில கருவிகளில் தைராய்டு முடிவுகளைக் குழப்பும்.

அவருக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது ரத்தப் பரிசோதனையே அல்ல. 30 வயதைக் கடந்த பெண்கள் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்க்கும் முறை இலவசமாகவே செய்யப்படுகிறது. சில நிமிடங்களில் முடிந்துவிடும். வசதியிருந்தால், இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸைத் தேடும் ஹெச்.பி.வி. பரிசோதனை இன்னும் நம்பகமானது. இயல்பாக வந்துவிட்டால் ஐந்தாண்டுகளுக்குக் கவலையில்லை. வந்த நோயைக் கண்டுபிடிப்பதோடு நிற்காமல், புற்றுநோயாக மாறுவதற்கு முன்பே பிடித்துவிடக்கூடிய அரிய பரிசோதனை இது. கூச்சத்தின் காரணமாகப் பெண்கள் இதைத் தள்ளிப் போடுவதையும், அதே பெண்கள் தேவையில்லாத ரத்தப் பரிசோதனைகளுக்குத் தவறாமல் வருவதையும் பார்க்கும்போது எனக்கு மிகுந்த வேதனையாக இருக்கிறது. உடன் சென்று வாருங்கள்.

இனி அப்பா. பத்து ஆண்டுச் சர்க்கரை நோயாளிக்கு இயல்பான மனிதருக்கான தொகுப்பு பொருந்தாது. தொகுப்பில் இருக்காது என்று நான் சொன்னது சிறுநீரில் அல்புமின்–கிரியேட்டினின் விகிதம். 'மைக்ரோ அல்புமின்' என்று கேட்டால் லேபில் புரிந்துகொள்வார்கள். சர்க்கரை சிறுநீரகத்தைத் தாக்கும்போது முதலில் அல்புமின் என்ற புரதம் சிறிதளவு சிறுநீரில் கசியும். சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையின் பட்டை இந்தச் சிறு கசிவைக் காட்டாது. சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினினும் ரத்தத்தில் அப்போது இயல்பாகவே இருக்கும். இந்த விகிதம் 30-க்குக் கீழ் இருக்க வேண்டும். கூடுதலாக வந்தால், காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இல்லாத நாளில் மறுபடியும் பார்த்து உறுதி செய்ய வேண்டும். உறுதியானால், சேதத்தைத் தாமதப்படுத்தும் மருந்துகள் இன்று இருக்கின்றன. அவற்றை இந்தக் கட்டத்தில் தொடங்குவதற்கும், கால் வீங்கிய பிறகு தொடங்குவதற்கும் உள்ள வேறுபாடு பல ஆண்டுகள் டயாலிசிஸ் இல்லாத வாழ்க்கை.

கிரியேட்டினின் பற்றியும் ஒரு சொல். 1.1 என்ற ஒரே அளவு, 28 வயது இளைஞர் ஒருவருக்கும் உங்கள் தாயார் வயதுப் பெண்மணி ஒருவருக்கும் வந்தால், இரண்டும் 'இயல்பு' என்றே பலர் எடுத்துக்கொள்வார்கள். 2021-ஆம் ஆண்டின் சி.கே.டி.–எபி சூத்திரத்தில் போட்டால், இளைஞரின் சிறுநீரக வடிகட்டும் திறன் ஏறத்தாழ 94. 65 வயதுப் பெண்மணிக்கு 56. 60-க்குக் கீழான அளவு மூன்று மாதம் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். ஆகவே கிரியேட்டினின் ரிப்போர்ட்டில் இந்த வடிகட்டும் திறனைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற வரியையும் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். கூடுதல் ரத்தமோ கூடுதல் ரசாயனமோ இல்லாத வெறும் கணக்கு அது. மெட்ஃபார்மினை நீண்ட காலம் சாப்பிடுபவர் என்பதால் அப்பாவுக்கு வைட்டமின் பி12 பார்ப்பது நியாயம். ஆண்டுக்கு ஒருமுறை கண் விழித்திரையைப் பார்ப்பதும், பாதங்களில் உணர்ச்சியைச் சோதிப்பதும் அவருக்கு ரத்தப் பரிசோதனைக்கு இணையான தேவைகள்.

அம்மாவுக்கு நோய் கண்டறியப்படவில்லை என்றீர்கள். யாரும் தேடிப் பார்த்தார்களா என்பதைத்தான் நான் கேட்பேன். ரத்த அழுத்தத்தை ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, கையை மேசைமேல் வைத்து, இருமுறை பார்த்து எழுதுங்கள். 140/90-க்கு மேல் வந்தால் வேறு ஒரு நாளும் பாருங்கள். பிறகு சர்க்கரை, சி.பி.சி., கிரியேட்டினின், கொழுப்பு ஆகிய நான்கும் போதும். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் வாயை ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். டார்ச் விளக்கு தவிர அதற்கு வேறு எதுவும் தேவையில்லை.

கொழுப்புப் பரிசோதனைக்குப் பன்னிரண்டு மணி நேரப் பட்டினி கட்டாயம் என்ற நிலை மாறிவிட்டது. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் மட்டும் வெறும் வயிற்றில் மறுபடி பார்த்தால் போதும். மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து, நல்ல கொழுப்பு எனப்படும் ஹெச்.டி.எல்.-ஐக் கழித்து வரும் எண்ணை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டால் பெரிதும் மாறாத நம்பகமான அளவு அது. கல்லீரலுக்கு எஸ்.ஜி.பி.டி. ஒன்று போதுமானது, வயிறு பெருத்தவர்களுக்கு மட்டும் எஸ்.ஜி.ஓ.டி.-யும் சேர்த்தால், தட்டணுக்களின் எண்ணிக்கையையும் வயதையும் வைத்துத் தழும்பு ஏறும் அபாயத்தை மருத்துவர் கணக்கிட்டுவிடுவார்.

வாழ்நாளில் ஒருமுறையாவது ஹெபடைடிஸ் பி பார்த்துக்கொள்வது நல்லது. இல்லையென்று தெரிந்தால் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். ஹெச்.ஐ.வி. பரிசோதனை அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையத்தில் இலவசம், விவரம் வெளியே போகாது.

தவிர்க்கச் சொல்பவை: அறிகுறி இல்லாதவருக்கு சி.ஏ.125, சி.இ.ஏ. போன்ற புற்றுநோய்க் குறியீடுகள். முன்னது மாதவிடாயின்போதும், பின்னது புகைபிடிப்பவர்களிடமும் உயரும்; இவற்றால் புற்றுநோய் முன்கூட்டித் தெரிந்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. மூட்டுவலி இல்லாதவருக்கு ஆர்.ஏ. ஃபேக்டர் வேண்டாம். எந்தத் தொந்தரவும் இல்லாத ஒருவருக்கு யூரிக் அமிலம் சற்றுக் கூடியிருப்பதற்காக மருந்து தேவைப்படுவதில்லை. வைட்டமின் டி-யை எல்லோருக்கும் அளந்து பார்க்க மருத்துவ வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பதில்லை. 70 வயதில் சிறுநீர்த் தொந்தரவு இல்லாத அப்பாவுக்கு, புராஸ்டேட் சுரப்பிக்கான பி.எஸ்.ஏ. பார்ப்பதால் நன்மையைவிட அலைக்கழிப்பே அதிகம்.

செலவைக் குறைக்க முதல் வழி உங்கள் ஆரம்ப சுகாதார நிலையம். தேசிய இலவசப் பரிசோதனைத் திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலைய அளவில் 63 பரிசோதனைகள் வரையறுக்கப்பட்டுள்ளன. நான் மேலே சொன்ன அடிப்படைப் பரிசோதனைகளில் பெரும்பாலானவை அதில் அடங்கும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வீட்டிலேயே பார்க்கப்பட்டன. பெற்றோர் கிராமத்தில் இருந்தால் அந்தப் பகுதிச் செவிலியரிடம் கேளுங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் 2016-இல் 1,000, 2,000, 3,000 ரூபாய் என்று மூன்று நிலைகளில் முழு உடல் பரிசோதனை அறிமுகமானது. அதில் ஸ்கேன், இசிஜி போன்றவையும் மருத்துவர் ஆலோசனையும் சேர்ந்தவை. போவதற்கு முன் இப்போதைய கட்டணத்தையும் நேரத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள். தனியாரிடம் செய்தால், பழைய முறையில் வருமான வரி செலுத்துபவராக இருக்கும் பட்சத்தில், மருத்துவக் காப்பீட்டுக்கான கழிவின் மொத்த வரம்புக்குள் 5,000 ரூபாய் வரை தடுப்புப் பரிசோதனைக்குக் கழிவு பெறலாம்; ரொக்கமாகக் கட்டியிருந்தாலும் செல்லும், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

தனியார் லேபைத் தேர்ந்தெடுக்கும்போது ஆய்வகங்களின் தரத்துக்குச் சான்றளிக்கும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.-இன் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். சிறிய லேபாக இருந்தால், "வேலூர் சி.எம்.சி. நடத்தும் வெளித்தரச் சோதனையில் பங்கேற்கிறீர்களா?" என்று கேளுங்கள். அங்கிருந்து அளவு சொல்லாமல் அனுப்பப்படும் மாதிரியைப் பரிசோதித்து, விடையைத் திருப்பி அனுப்பி, தங்கள் துல்லியத்தை மற்ற ஆய்வகங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முறை அது. நன்றாக நடத்தும் சிறிய லேப்காரர் அந்தச் சான்றிதழை மகிழ்ச்சியோடு எடுத்துக் காட்டுவார். ஒவ்வொரு ஆண்டும் அதே லேபுக்கே போங்கள், கருவி மாறினால் அளவும் சற்று மாறும். காய்ச்சல் வந்திருந்தால் இரண்டு மூன்று வாரம் கழித்துப் போங்கள். வெறும் வயிறு என்றாலும் தண்ணீர் குடிக்கலாம், குடிக்க வேண்டும். நரம்பு எளிதில் கிடைக்கும்.

எல்லாம் இயல்பாக வந்தால் உங்கள் மனைவிக்குச் சர்க்கரையை மூன்றாண்டுக்கு ஒருமுறையும், கொழுப்பை அதைவிட இடைவெளி விட்டும் பார்த்தால் போதும். உங்களுக்கு அபாயக் கணக்கு 60 என்பதால் சர்க்கரை ஆண்டுதோறும். அம்மாவின் ரத்த அழுத்தத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். முடிவுகளை ஒரு நோட்டில் தேதியோடு வரிசையாக எழுதி, மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டைக் கொண்டு போங்கள், கிரியேட்டினின் 0.8, 0.9, 1.1 என்று மூன்றாண்டுகளாக ஏறி வருவதை, ஒற்றை ரிப்போர்ட்டில் 'இயல்பு' என்று அச்சாகியிருப்பதைப் பார்க்கும் யாராலும் கண்டுகொள்ள முடியாது. நாளைக்கே ஒன்று மட்டும் செய்ய முடியுமென்றால், அப்பாவின் காலை முதல் சிறுநீரை லேபில் தரும் சுத்தமான டப்பாவில் பிடித்து, மைக்ரோ அல்புமினுக்குக் கொடுத்துவிடுங்கள்.